அபாவமும் பறவைக் கணக்கும்

'தரையில் குடம் இல்லை' என்ற மூன்று சொற்களைப் பற்றி நம் நாட்டுத் தத்துவ ஆசிரியர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாதாடியிருக்கிறார்கள். குடம் இருக்கும்போது அதைக் கண் காண்கிறது. அது பிரத்யக்ஷம் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. குடம் இல்லாதபோது கண் எதைக் காண்கிறது? வெறுந்தரையைத்தான் காண்கிறது, 'இல்லை' என்பது அந்தத் தரைக்கு மேற்பட்ட வேறொரு பொருளன்று என்றார்கள் பிரபாகர மீமாம்சகர். இல்லாமையும் ஒரு பதார்த்தமே, அதையும் கண்ணே காண்கிறது என்றார்கள் நையாயிகர். குமாரில பட்டரின் வழிவந்தவர்களும் அத்வைதிகளும் இவ்விரண்டுக்கும் உடன்படாமல், காணாமை என்பதே தனித்ததோர் அறிவு வாயில், அதற்கு அனுபலப்தி என்று பெயர் என்று ஸ்தாபித்தார்கள். 17-ம் நூற்றாண்டில் தஞ்சைச் சீமையில் வாழ்ந்த தர்மராஜ அத்வரீந்திரர் தம்முடைய 'வேதாந்த பரிபாஷை'யில் ஆறு பிரமாணங்களை நிரூபிக்கும்போது ஆறாவதாக வைத்தது இந்த அனுபலப்தியைத்தான்.

வேறு வேலையற்ற பண்டிதர்களின் சொற்போர் இது என்று கேலி செய்வோர் அன்றும் இருந்திருப்பார்கள், இன்றும் இருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை. ஓர் ஊரின் வானத்தில் தலைமுறை தலைமுறையாகப் பறந்துகொண்டிருந்த ஒரு பறவை இப்பொழுது இல்லை என்பதை அவ்வூரார் எப்படி அறிகிறார்கள், எப்பொழுது அறிகிறார்கள், அறிந்தபின் அவ்வறிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்டுப் பார்த்தால், குடத்தை விட்டுவிட்டு அந்த வாதம் முழுவதும் உயிர்பெற்று நம் எதிரே வந்து நிற்கிறது. ஒன்று இருக்கிறது என்பதற்கு ஒருவர் ஒருமுறை பார்த்தால் போதும். இல்லை என்பதற்கு எத்தனை பேர், எத்தனை இடங்களில், எத்தனை முறை பார்க்கவேண்டும்?

அத்வைதிகள் இதற்கு ஒரு நிபந்தனை விதித்தார்கள். இருட்டறையில் குடத்தைக் காணவில்லை என்பதனால் அங்கே குடம் இல்லை என்று ஆகிவிடாது. காணத்தக்க பொருள், காணத்தக்க வெளிச்சத்தில், காணும் ஆற்றலுள்ள கண்ணின் முன் காணப்படாமல் இருந்தால்தான் அது இல்லாமைக்குப் பிரமாணம். இருந்திருந்தால் கண்டிருப்பேன் என்று ஒருவன் நெஞ்சாரச் சொல்லக்கூடிய காணாமைக்கு யோக்யானுபலப்தி என்று பெயரிட்டார்கள். பொங்கல் விடுமுறையில் அதிகாலையில் ஏரிக்கரைக்குப் போனால் இந்தச் சாஸ்திர நிபந்தனையைப் பனிக்குல்லாய் அணிந்த பள்ளிப் பிள்ளைகள் தம்மையறியாமல் அனுஷ்டிப்பதைக் காணலாம். 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின் விதி மிகச் சுருக்கமானது: ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடமாவது நின்று, கண்டதையும் கேட்டதையும் இனம் வாரியாக எண்ணி எழுதவேண்டும். நாமக்கோழிகள் கூட்டமாக மிதக்கும். அவற்றை எண்ணுவது எளிது. தாழைக்கோழி கோரைப்புல்லுக்குள் போய்ப்போய் வரும். சங்கடம் கொடுப்பது முக்குளிப்பான். கைப்பிடியளவுள்ள அந்தப் பறவை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துளி ஓசையில்லாமல் நீருக்குள் மூழ்கும். நாம் ஒரு பக்கம் தேட, அது பத்து முழத்துக்கு அப்பால் வேறொரு பக்கம் தலைதூக்கும். முதல் பார்வையில் நீர்ப்பரப்பு வெறுமையாக இருந்தது என்பதற்காக ஏரியில் முக்குளிப்பான் இல்லை என்று எழுதுகிறவன் இருட்டறையில் குடம் தேடியவனே ஆவான். நிற்கவேண்டும், பறவை எவ்வளவு நேரம் மூச்சடக்குமோ அதைவிடச் சற்று அதிக நேரம் நாம் பொறுக்கவேண்டும்.

பட்டியல் முடிந்ததும் அதை இபேர்ட் என்ற பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கும்போது ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: உமக்கு இனங்காண முடிந்த பறவைகள் அனைத்தையும் இதில் எழுதியிருக்கிறீரா? ஆம் என்று ஒருவர் பதில் சொன்ன கணத்தில், அவர் எழுதிய இருபது பெயர்கள் மட்டுமல்ல, எழுதாத பெயர்களும் சாக்ஷியம் ஆகிவிடுகின்றன. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற குறிப்புகளும் உடன் கேட்கப்படுகின்றன. அவையெல்லாம் வெளிச்சத்தின் அளவைத் தெரிந்துகொள்வதற்கே. இந்த ஏற்பாட்டை வகுத்த அமெரிக்கப் பறவை நூலார் 'வேதாந்த பரிபாஷை'யைப் படித்திருக்கப் போவதில்லை. அறிவு நேர்மையாக நடக்க விரும்பும்போது எந்தத் தேசத்திலும் ஏறத்தாழ ஒரே வழியில்தான் நடக்கவேண்டியிருக்கிறது போலும்.

இந்தப் பழக்கத்தின் வரலாற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் அணி அணியாகப் பிரிந்து யார் அதிகப் பறவைகளையும் மிருகங்களையும் சுட்டு வீழ்த்துவது என்று போட்டியிடும் வழக்கம் இருந்தது. 1900-ல் ஃபிராங்க் சாப்மன் என்பவர், அந்நாளில் சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்று அழைத்தார்; அவ்வாண்டு 27 பேர் எண்ணினார்கள். நம் நாட்டிலோ 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கைக்கு முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அனுப்பிய மூன்று கோடிப் பதிவுகள் ஆதாரமாயின. 942 இனங்களை ஆராய்ந்து, அவற்றுள் 178 இனங்களை உடனடிக் கவனத்துக்குரியவை என்று அது வகுத்தது. நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று தொடங்கி, பிள்ளைகளையும் மாடுகளையும் எண்ணினால் கண்ணேறு படும் என்று அஞ்சிய ஜனங்களின் சந்ததியார் நாம் என்பதை நினைத்தால் இது பெரிய மாறுதல்தான்.

பாமரர்கள் எழுதியதை எப்படி நம்புவது என்ற கேள்வி உடனே எழும். நியாய சூத்திரங்களுக்குப் பாஷ்யம் செய்தவரும் பக்ஷிலஸ்வாமி என்ற மறுபெயர் கொண்டவருமான வாத்ஸ்யாயனர் இக்கேள்வியைச் சப்த பிரமாணத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் எடுத்துக்கொள்கிறார். யாருடைய சொல் பிரமாணம்? ஆப்தனுடைய சொல். யார் ஆப்தன்? பொருளை நேரே அறிந்தவன், அறிந்ததை அறிந்தவாறே பிறருக்குச் சொல்ல விரும்புகிறவன். இந்த லக்ஷணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொதுவானது என்று அவர் சற்றும் தயங்காமல் சொல்லிவிடுகிறார். குலத்தாலும் பட்டத்தாலும் அல்ல, கண்டதும் கண்டபடி சொல்ல விரும்புவதும் ஆகிய இரண்டாலேயே ஒருவன் நம்பத்தக்கவன் ஆகிறான் என்ற இத்தீர்மானத்தைவிட உயர்ந்த ஜனநாயகக் கொள்கையை அறிவுத் துறையில் நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் அந்த லக்ஷணம் சுலபமானதும் அன்று. வானத்தில் வட்டமிடும் பெரிய பறவை எதையும் கழுகு என்றோ பருந்து என்றோ சொல்லிவிடும் வழக்கம் நமக்கு உண்டு. மஞ்சள்முகப் பாறு என்று பறவை நூலார் கூறும் சிறிய பிணந்தின்னிக் கழுகு வளர்ந்தபின் வெண்ணிறமாக இருக்கும். அதன் குஞ்சோ கரும்பழுப்பு. இரண்டும் ஒன்றே என்று தெரியாதவன் நேரே பார்த்தும் அறியாதவனே. ஆகையால் பதிவுகளைச் சரிபார்க்க ஒவ்வொரு வட்டாரத்திலும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள்; அவர்களும் சம்பளம் வாங்காதவர்கள்.

அந்த வெண்ணிறப் பறவையைச் சொன்னதும் திருக்கழுக்குன்றம் நினைவுக்கு வராத தமிழர் இல்லை. வேதகிரி மலைமேல் உச்சிப்போதில் அர்ச்சகர் பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொண்டு பாறையில் வந்து அமர, இரண்டு கழுகுகள் எங்கிருந்தோ வந்து இறங்கி, உண்டு, பறந்து செல்லும். பக்ஷி தீர்த்தம் என்று வெள்ளைக்காரர்களும் எழுதிவைத்த காட்சி இது. காசியில் நீராடி இங்கே உண்ண வருகின்றன என்பார்கள். சாபம் பெற்ற எட்டு முனிவர்கள் யுகத்துக்கு இருவராக விடுபட்டுப் போக, கலியுகத்தில் எஞ்சிய இருவர் இவர்கள் என்பதும் ஒரு ஐதிகம். 1990-களின் பிற்பகுதிக்குப் பின் அவை வருவதில்லை.

ஐதிகத்தின் உண்மை பொய் என் விசாரம் அன்று. என்னை வியக்கவைப்பது அந்தக் கிரமம். ஒரே இடம், ஒரே வேளை, ஒரே ஆகாரம், விடாமல் வந்து காத்திருக்கும் ஒருவர், உடன் காண நூற்றுக்கணக்கான கண்கள்: இதைவிடச் சுத்தமான யோக்யானுபலப்திக்கு எந்தத் தர்க்கநூலும் உதாரணம் காட்டியதில்லை. வந்திருந்தால் கண்டிருப்போம் என்று இவ்வளவு உறுதியோடு சொல்ல வேறு எவருக்கு உரிமை உண்டு? பக்தி தன் போக்கில் ஒரு சிறந்த பதிவேட்டை ஏற்படுத்தியிருந்தது. ஆனால் அந்தப் பதிவேட்டில் இரண்டே பறவைகள். அவை வராத நாளில், கூட்டத்தில் பாவி யாரோ இருக்கிறான் என்று சொல்வது அங்கே வழக்கம். காரணம் புலப்படாதபோது அதைத் தன் பக்கத்திலேயே தேடும் மனப்பான்மையை நான் இகழமாட்டேன். பிறர்மேல் பழிபோடுவதைவிட அது மேலானது. எனினும் ஒரு மலையில் இரண்டு பறவைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்க வழியில்லை. ஓரிடத்து இல்லாமைக்கு ஆயிரம் காரணம் கற்பிக்கலாம். ஆயிரம் இடத்து இல்லாமை ஒருங்கு சேரும்போதுதான் அது தன் காரணத்தைச் சொல்லத் தொடங்குகிறது.

அது சொல்லியும் விட்டது. 1990-களின் தொடக்கத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் வடநாட்டுச் சாலைகளின் வழியே சென்று இரைதேடும் பறவைகளை எண்ணியிருந்தார்கள். அப்போது பிணந்தின்னிக் கழுகு காக்கையைப்போல் மலிந்திருந்தது. மலிந்ததை எண்ணுவது வீண்வேலை என்று தோன்றக்கூடிய காலம் அது. பின்னர் அதே சாலைகளில் திரும்பத் திரும்பச் சென்று எண்ணியபோது, வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோயிருந்தது. பழைய கணக்கு இல்லாதிருந்தால், குறைந்துவிட்டது போலிருக்கிறதே என்ற முணுமுணுப்போடு காரியம் நின்றிருக்கும்.

காரணம் 2004-ல் வெளிப்பட்டது. கால்நடைகளுக்கு வலி தீரப் போடப்பட்ட டைக்குளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்து, உள்ளுறுப்புகளின்மேல் வெள்ளைச் சுண்ணம் பூசினாற்போல் உப்பைப் படியவைத்துக் கொன்றது. நூறு மாட்டில் ஒன்றுக்கும் குறைவான உடல்களில் அந்நஞ்சு இருந்தாலே இந்த நாசத்துக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். ஒரு பிணத்தைச் சுற்றிப் பந்தியாக உட்காரும் சாதி வெண்முதுகுப் பாறு. ஆண்டுக்கு ஒரு முட்டைக்கு மேல் இடுவதும் இல்லை.

இங்கேதான் தர்ம விசாரம் கடினமாகிறது. அந்த ஊசியைப் போடச் செய்தவன் கொடியவனா? உழைத்து ஓய்ந்த மாடு மூட்டுவலியால் எழமுடியாமல் கிடப்பதைச் சகிக்காமல், கையிலிருந்த சில்லறையைக் கொடுத்து மருந்து வாங்கியவன் அவன். ஜீவகாருண்யமே லக்ஷக்கணக்கான ஜீவன்களின் மரணத்துக்குக் காரணமாயிற்று. எண்ணமே கர்மம், எண்ணாது நேர்ந்த கொலை கொலையன்று என்று பௌத்தர்கள் அவனை விடுவித்துவிடுவார்கள். ஜைனர்கள் அவ்வளவு எளிதில் விடமாட்டார்கள். பிரமாதம், அதாவது கவனக்குறைவு, உயிர் நீங்கக் காரணமாகுமானால் அதுவே ஹிம்ஸை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் இலக்கணம். மயிற்பீலியால் தரையைத் தடவி எறும்பை விலக்கிவிட்டு அடிவைக்கும் முனிவரைப் பார்த்து நகைக்கிறவர்கள், அந்தப் பீலி கருணையின் கருவி அன்று, கவனத்தின் கருவி என்பதை மறந்துவிடுகிறார்கள். கருணை நம்மிடம் ஏராளமாக இருந்தது; பசுவைத் தொழும் நாட்டில் அதற்குக் குறைவில்லை. நம் செயல் எங்கே போய் முடிகிறது என்று பின்தொடர்ந்து பார்க்கும் கண்தான் இல்லாதிருந்தது. தனிமனிதன் ஒருவன் தன் மாட்டுத் தொழுவத்திலிருந்து அதைப் பார்த்திருக்கவும் முடியாது. பலர் பல இடங்களிலிருந்து பார்த்ததை ஒன்றுசேர்ப்பது, ஒரு சமூகம் முழுவதும் கைக்கொள்ளும் பீலி என்றே நான் கருதுகிறேன். பறவைகளை எண்ணுவது பொழுதுபோக்கு, அறிவியலுக்கு உதவி, பிள்ளைகளுக்குப் படிப்பு என்றெல்லாம் சொல்லி அதை ஆதரிக்கிறவர்கள் நல்லவர்களே. ஆயினும் அஹிம்ஸையை ஒப்புக்கொண்ட ஒரு ஜனசமூகத்துக்கு அது அவற்றினும் நெருங்கிய கடமை.

பற்றின்றிச் செய்தாலொழிய இக்கடமை கெட்டுப்போகும். அபூர்வப் பறவை ஒன்று வந்திருக்கிறது என்றால் நூறு மைல் கடந்து காமிராக்கள் வருகின்றன. கூட்டருகே நின்று தாய்ப்பறவையைக் கலைக்கிறார்கள். என் பட்டியலில் எத்தனை, உன் பட்டியலில் எத்தனை என்று ஆரம்பித்துவிட்டால், துப்பாக்கி இல்லை என்பது தவிர அந்தப் பழைய கிறிஸ்துமஸ் வேட்டைக்கும் இதற்கும் பேதம் அதிகம் இல்லை. காணவில்லை என்று எழுதுகிறவனை ஒருவரும் புகழ்வதில்லை. அவனுக்குப் படம் இல்லை, பெயர் இல்லை. ஒவ்வொரு வாரமும் அதே ஏரிக்கரையில் நின்று அதே பதினெட்டுச் சாதாரணப் பறவைகளை எழுதி, பத்தொன்பதாவது இன்றும் இல்லை என்பதை எழுதாமலே எழுதிவிட்டு வீடு திரும்புகிறவன், கீதை கூறும் பலனை வேண்டாத கர்மத்துக்கு வெகு அருகில் இருக்கிறான். அவன் பட்டியல் யாருக்கு எப்பொழுது பயன்படும் என்பது அவனுக்குத் தெரியாது. சாலை வழியே கழுகை எண்ணியவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

அறிவு மட்டும் போதுமா என்றால் போதாது. 2006-ல் இந்திய அரசு கால்நடைகளுக்கான டைக்குளோஃபினாக்கைத் தடுத்தது. மனிதருக்கென்று விற்ற பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் அப்புட்டியை 3 மில்லி அளவுக்குச் சுருக்கினார்கள். அதே தீங்கைச் செய்யும் கீட்டோபுரோஃபெனும் அசிக்குளோஃபினாக்கும் தடைசெய்யப்பட 2023 வரை ஆயிற்று. நிமிசுலைடுக்கு 2024-ன் கடைசி. கழுகுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் இத்தனை காலமும் கடையில் இருந்தது. கவனம் தாமதமாக வந்ததைப்போலவே அதன் பலனும் தாமதமாகவே வருகிறது.

நையாயிகர் இல்லாமையை ஒரே சாதியாகக் கொள்ளவில்லை. குடம் வனையப்படுமுன் அதன் இல்லாமை பிராகபாவம். அதற்குத் தொடக்கம் இல்லை, முடிவு உண்டு. குடம் உடைந்தபின் அதன் இல்லாமை பிரத்வம்ஸாபாவம். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு என்றைக்கும் இல்லை. ஓர் இனம் பூமியிலிருந்து அற்றுப்போவது இந்த இரண்டாம் வகை. கடவுளையும் ஒப்புக்கொண்டு அவர் கையாலும் மீளமுடியாத இல்லாமை ஒன்றை வகுத்துவைத்த அந்தத் தர்க்கிகளின் துணிவு எனக்குச் சில வேளை அச்சம் தருகிறது. குடத்தை எடுத்து வேறிடத்தில் வைத்தால் இத்தரையில் அது இல்லாமலிருப்பது இவற்றில் சேராது. அதைச் சாமயிகாபாவம், காலத்துக்கு உட்பட்ட இல்லாமை, என்று தனியே பிரித்தவர்களும் உண்டு. அந்தக் குடம் திரும்பி வரலாம்.

திருக்கழுக்குன்றத்தில் அன்று பொங்கல் உண்ட அந்த இரண்டு பறவைகளின் இல்லாமை பிரத்வம்ஸாபாவமே. அவற்றின் இனம் அங்கே இல்லாமலிருப்பதும், தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பிணந்தின்னிக் கழுகுகள் இல்லாமலிருப்பதும் இன்னும் அந்த வகையைச் சேரவில்லை. நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றோர நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு வைக்கின்றன. செந்தலைப் பாறும் அங்கே உண்டு. காலைக் காற்று சூடேறியதும் மேலெழும் ஒரு கழுகு ஒரு மணி நேரத்தில் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய மூன்று எல்லைகளையும் கடந்துவிடும் ஆதலால், மூன்று மாநில வனத்துறையாரும் தன்னார்வலர்களும் குறிப்பிட்ட மேடுகளில் ஒரே வேளையில் உட்கார்ந்து, மணியும் திசையும் குறித்து, ஒன்றை இரண்டாக எண்ணிவிடாமல் எண்ணுகிறார்கள். குன்றின்மேல் இருக்கும் 'இல்லை' எந்த வகையைச் சேர்ந்தது என்பதை இனித் தர்க்க நூல்கள் தீர்மானிக்க இயலாது. மருத மரக் கூடுகளில் இவ்வாண்டு எத்தனை குஞ்சுகள் இறகு முளைத்துப் பறந்தன என்ற கணக்கும், பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள ஊர்களில் செத்த மாட்டின் உடலில் எந்த மருந்து இருந்தது என்ற கணக்கும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும்.